பெட்டிச் சாவி யாரிடம்?

"அந்தக் கம்பெனியிடம் ரிசர்வ் ஏகப்பட்டது இருக்கிறது, தைரியமாக வாங்கலாம்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருக்கிறதென்றால் எங்கே இருக்கிறது, நீ பார்த்தாயா என்று சண்டைக்குப் போய்விடுவேன். "உனக்கு ரிடையர்மெண்ட் ஆச்சு, உன் வாய்க்கு இன்னும் ஆகலை" என்பார் என் வீட்டுக்காரர். ஆகாது. ஆறுமுகம் அண்ணாச்சிக்கு நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு எப்படி ஆகும்?

நான் மாட்டுங்காவில் ஒரு சப்-புரோக்கர் ஆபீஸில் டீலராக இருந்தவள். வாடிக்கையாளர் போனில் சொல்லும் பங்கை டெர்மினலில் வாங்குவதும் விற்பதும்தான் என் வேலை. அபிப்பிராயம் சொல்வது வேலையில் சேராது. எங்கள் குஜராத்தி முதலாளியை எல்லோரும் சேட் என்போம், அவர் என்னை பென், அதாவது சகோதரி, என்பார். "சாரதா பென், ஆர்டர் போடு, அட்வைஸ் போடாதே" என்று அவர் என்னிடம் சொல்லாத நாள் கிடையாது. நான் கேட்ட நாளும் கிடையாது.

சங்கத்துப் பெட்டி

ஆறுமுகம் அண்ணாச்சி தாராவியில் ரெக்ஸின் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர். என் பையனின் பள்ளிக்கூடப் பையெல்லாம் அங்கே தைத்ததுதான், அப்படித்தான் அந்தக் குடும்பம் எனக்குப் பழக்கம். திருநெல்வேலிப் பக்கம். கீழே பட்டறை, மேலே வீடு. மேலே போக உள்ளே படி கிடையாது. வெளிச்சுவரோடு செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. தாராவியில் பாதி வீடுகள் அப்படித்தான். இளவயதில் எல்லோரும் குரங்கு மாதிரி ஏறிவிடுவார்கள். அவர் மனைவி பேச்சியம்மாவுக்கு முட்டு தேய்ந்துபோன பிறகு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகா, ஓர் அம்மா என்று ஆயிற்று.

ஒரே மகளைச் சூரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. கண்ணும் மங்கிவிட்டது என்று அண்ணாச்சி பட்டறையை விற்றார். கீழ்ப்பகுதியை மிஷின்களோடு ஒருவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில் செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கி, மனைவியை ஏணியிலிருந்து இறக்கிவிடுவது என்று திட்டம். இருவரும் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள். வந்தவுடன் பேச்சியம்மா எனக்கு போன் செய்தாள்.

"யக்கா, லிஃப்ட்டுக்குள்ள ஒரு கண்ணாடி வேற இருக்கு. நான் சும்மாவே மூணு தடவ ஏறி எறங்கிட்டேன். வாட்ச்மேன் சிரிக்கான். சிரிச்சா சிரிக்கட்டும்னுட்டேன்."

அவ்வளவு சந்தோஷமான குரலை நான் போனில் கேட்டதில்லை. எங்கள் தொழிலில் போனில் வருவதெல்லாம் புலம்பல்தான்.

ஃப்ளாட்டின் விலைக்கும் கையிலிருந்த பணத்துக்கும் நடுவில் சில லட்சம் இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை. பெயர் வேண்டாம், பிளாஸ்டிக் பைப் செய்கிற கம்பெனி. அவர் வீட்டு ஏணியை ஒட்டி மேலே போகிற தண்ணீர்க் குழாயிலேயே அந்தப் பெயர் அச்சடித்திருக்கும். பேச்சியம்மா ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் அந்தக் குழாயையும் பிடித்துத்தான் ஏறுவாள்.

"மேடம், இங்கன பாருங்க" என்று ஒரு பக்கத்தைத் திறந்தார். ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ் என்ற வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தது. "இந்தத் தொகைய மொத்த பங்கால வகுத்துப் பாத்தேன். ஒரு பங்குக்கு நூத்தி நாப்பது ரூவா வருது. மார்க்கெட்டுல பங்கு என்ன விலை? தொண்ணூறு. தொண்ணூறக் குடுத்தா நூத்தி நாப்பது. இதுல எங்க மேடம் நஷ்டம் வரும்?"

அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குப் புரிய சிறிது நேரம் ஆயிற்று. அவருடைய ஊர்க்காரர்களுக்குத் தாராவியில் ஒரு சங்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் மாதச் சந்தா கட்டும். அந்தப் பணத்தைச் சங்கத்து ஆட்களுக்கே வட்டிக்குக் கொடுப்பார்கள். வருஷா வருஷம் அம்மன் கொடைத் திருவிழா வரும்போது லாபத்தைக் கணக்குப் பார்த்துப் பாதியைப் பங்கு பிரிப்பார்கள். மீதியைப் பிடித்து வைப்பார்கள். பிடித்த பணம் ஓர் இரும்புப் பெட்டியில் ரொக்கமாக இருக்கும். மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி. கொடையன்று எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டுவார்கள். மூன்று சாவியில் ஒன்று பல வருஷங்களாக ஆறுமுகம் அண்ணாச்சியின் அரைஞாணில் தொங்கியது.

கம்பெனி சம்பாதித்ததில் பங்குதாரருக்கு டிவிடெண்டாகக் கொடுத்தது போக மிச்சத்தை வைத்துக்கொள்கிறது. வருஷா வருஷம் அப்படிப் பிடித்து வைத்ததன் கூட்டுத்தொகைதான் தக்கவைத்த லாபம். ரிசர்வில் பெரும்பகுதி அதுதான். இவ்வளவையும் அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். படிப்பு ஆறாம் வகுப்பு, ஆனால் நாங்கள் பி.காம். படித்துப் புரிந்துகொண்டதை அவர் சங்கத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டார். ஒன்றே ஒன்றில்தான் தவறினார். பிடித்த பணம் பெட்டியில் இருக்கும் என்று நினைத்தார்.

என் வீட்டுப் பால் டப்பா

"அண்ணாச்சி, அது பணம் இல்லை, கணக்கு" என்றேன்.

"கணக்குன்னா பணந்தான மேடம்?"

"இல்லை. இப்போ என்னையே எடுத்துக்கோங்கோ. இத்தனை வருஷ சம்பளத்துல செலவு போக நான் மிச்சம் பிடிச்சதை எல்லாம் கூட்டினா பெரிய தொகை வரும். அது எங்கேன்னு கேட்டேள்னா, வீட்டு லோன்ல போச்சு, பையன் படிப்புல போச்சு, என் நாத்தனார்கிட்ட கடனாப் போயி இன்னும் திரும்பி வரலை. கையில காசு எங்கேன்னா, பால்காரனுக்கு வச்ச டப்பாவுல நானூறு ரூபா இருக்கும். கம்பெனியும் அப்படித்தான். பிடிச்ச லாபம் மிஷினா, கட்டடமா, குடோன்ல சரக்கா, பாக்கி வரவேண்டிய பில்லா மாறி இருக்கும். மிஷின் நன்னா ஓடினா சரி. ஓடலைன்னா அந்த நூத்தி நாப்பது வெறும் காகிதம்."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது உங்க வீடு மேடம். நாத்தனாருக்குக் குடுத்துட்டு கேக்க முடியாம இருப்பிய. இது கம்பெனி. ஆடிட்டர் கையெழுத்து போட்டுருக்காருல்லா?" என்றார்.

சேட் உள்ளேயிருந்து என்னை முறைத்தார். ஆர்டர் போட்டேன். பட்டறை விற்ற பணத்தில் பெரும்பகுதி அன்றைக்கே பைப் கம்பெனியின் பங்குகளாகிவிட்டது.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லாபத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது குற்றம் இல்லை. என் இன்னொரு வாடிக்கையாளர், காட்கோபரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், டிவிடெண்ட் என்று பைசா கொடுக்காத ஒரு கம்பெனியின் பங்கை வைத்திருந்து, விலை பல மடங்கு ஏறிய பிறகு விற்றே மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தார். அந்தக் கம்பெனி பிடித்து வைத்த ஒவ்வொரு ரூபாயும் அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் சம்பாதித்துக் கொடுத்தது. பார்க்க வேண்டியது அதைத்தான்: எவ்வளவு பிடித்தார்கள் என்பதோடு நிற்காமல், பிடித்ததை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். பைப் கம்பெனியில் ரிசர்வ் ஏறிக்கொண்டே போயிற்று. கூடவே பேங்க் கடனும் ஏறிக்கொண்டே போயிற்று. அண்ணாச்சி கோடு போட்ட வரிக்குக் கொஞ்சம் கீழேதான் கடன் தொகை இருந்தது. அங்கே அவர் பேனா போகவில்லை.

அடுத்த தடவை வந்தபோது அதைக் காட்டினேன். "பெட்டி நிறையப் பணம் வச்சிருக்கறவன் எதுக்கு அண்ணாச்சி வட்டிக்குக் கடன் வாங்கறான்?"

அவர் முகம் மாறியது. சங்கத்துக்காரர் அல்லவா, அந்தக் கேள்வி உறைத்தது. அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கொடையன்னிக்குக் கேக்கலாம்லா?" என்றார். கம்பெனியின் வருடாந்திரக் கூட்டத்தைத்தான் கொடை என்றார்.

செம்பூர் ஹாலில் ஒரு கேள்வி

கூட்டம் செம்பூரில் ஓர் ஏசி ஹாலில். லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார். சங்கத்தில் கணக்கு ஒப்பிக்கிற நாளில் அப்படித்தான் போவாராம். வாசலில் ஆளுக்கொரு சமோசாப் பொட்டலம் கொடுத்தார்கள். அவர் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார், மனைவிக்கு.

பங்குதாரர்கள் கேள்வி கேட்கும் நேரம் வந்தது. எழுந்தவர்களில் பாதிப்பேர் சேர்மனுக்கு வாழ்த்துப் பா பாடிவிட்டு உட்கார்ந்தார்கள். மைக் அண்ணாச்சியிடம் வந்தது. எழுந்து நின்றார். தனக்குத் தெரிந்த தாராவி ஹிந்தியில் கேட்டார்.

"சேர்மன் சாப், அப்னா பேட்டி கிதர் ஹை? சாபி கிஸ்கே பாஸ் ஹை?"

நம்ம பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான். ஹால் முழுக்கச் சிரித்தது. மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "முன்னாடி பார்த்து உக்காருடா" என்று தமிழிலேயே சொன்னேன். புரிந்ததோ என்னவோ, திரும்பிக்கொண்டான்.

சேர்மன் கெட்டிக்காரர். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ரொம்ப மரியாதையாக ஹிந்தியில் பதில் சொன்னார். "பெரியவரே, உங்கள் பெட்டி பத்திரமாக இருக்கிறது. முன்னைவிடப் பெரிய பெட்டியாகச் செய்துகொண்டிருக்கிறோம். எங்கள் புது ப்ளாண்ட்தான் அந்தப் பெட்டி." கைதட்டல் காதைப் பிளந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியளா மேடம், எந்திரிச்சு நின்னு பதில் சொன்னாரு!"

"அண்ணாச்சி, அவர் ப்ளாண்ட்னு சொன்னார். பணம்னு சொல்லலை. கவனிச்சேளா?"

"ப்ளாண்ட்டும் பணந்தான மேடம். வித்தா காசு."

"ஓடாத ப்ளாண்ட்டை யார் வாங்குவா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சமோசாப் பொட்டலத்தின் எண்ணெய் பையில் ஊறியிருந்தது. "அந்த லிஃப்ட் பில்டிங் இந்தா இந்த ரோட்டுலதான் வரும்" என்றார். வந்தது. அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார்.

வரி கேட்காத வீடு

அதற்குப் பிறகு அதிக காலம் ஆகவில்லை. கம்பெனியின் ஆடிட்டர் வருஷத்துக்கு நடுவிலேயே ராஜினாமா செய்தார். காரணம் சொந்த வேலைப்பளு என்று போட்டிருந்தது. கணக்கில் ஏதோ சரியில்லை என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் முதல் அடையாளம். விலை அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது. அவர் வாங்கிய விலைக்குக் கொஞ்சம்தான் கீழே. உடனே போன் போட்டேன்.

"அண்ணாச்சி, இப்போ வித்துடுங்கோ. கொஞ்சம் நஷ்டம்தான். மீதியாவது கைக்கு வரும்."

"பாதியில பங்கு கேக்கச் சொல்லுதியளா?"

"பங்கு கேக்கறதா? இது விக்கறது அண்ணாச்சி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவர் பதில் சொன்ன விதத்தை நான் மறக்க முடியாது. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "எங்க சங்கத்துல கொடைக்கு முன்னால வந்து எம்பங்கக் குடுன்னு ஒருத்தன் கேட்டான்னா குடுத்துருவோம் மேடம். மறுக்க மாட்டோம். ஆனா அடுத்த கொடைக்கு அவன் வீட்டு வாசல்ல போயி கோயில் வரி கேக்க மாட்டோம். வரி கேக்காத வீடு செத்த வீடு மாதிரி. கூட இருக்கவன நம்பாதவன் கூட எதுக்கு இருக்கணும்? சேர்மன் அத்தன பேரு முன்னால வாக்கு குடுத்துருக்காரு. நான் பாதியில உருவிட்டு வரவா?"

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அந்தச் சேர்மனுக்கு இவர் யாரென்று தெரியுமா? தாராவியில் ஒரு மனிதர் அவர் வாக்கை நம்பி மானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியுமா? சேட்டிடம் போய்க் கத்தினேன். "கிளையண்ட்டின் பணம், கிளையண்ட்டின் தலை. நீ ஏன் பென் அழுகிறாய்?" என்றார். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அதே மழைக்காலத்தில் பேச்சியம்மா ஏணியில் வழுக்கி விழுந்தாள். மேலே போகும்போது கடைசிப் படியில் கால் தவறிக் குழாயைப் பிடித்துக்கொண்டதால் உயிர் தப்பியது. முட்டு தப்பவில்லை. தூக்கி மேலே படுக்க வைத்தார்கள். அதன் பிறகு அவள் இறங்கவே இல்லை. காய்கறி, மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் வாளியில் கயிறு கட்டி மேலே போகும்.

யாரு எடுத்தா?

கம்பெனியின் ரிசல்ட் வந்த நாள். புது ப்ளாண்ட் பாதியில் நிற்கிறது. பைப் வாங்கிய காண்ட்ராக்டர்கள் பணம் தரப்போவதில்லை. வரவே வராத பாக்கிகளையும், குடோனில் கெட்டுப்போன சரக்கையும் ஒரே மூச்சில் நஷ்டமாக எழுதிவிட்டார்கள். அத்தனை வருஷமாகப் பிடித்து வைத்த ரிசர்வ் ஒரு வரியில் காலி. மறுநாள் காலையில் மார்க்கெட் திறந்தவுடன் பங்கு லோயர் சர்க்யூட், ஒரு நாளில் இறங்க விடும் கடைசி விலைக்குப் போய்விட்டது. விற்க ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள், வாங்க ஓர் ஆள் இருக்க மாட்டான். அதற்கு மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. பிறகு வர்த்தகத்தையே நிறுத்திவிட்டார்கள்.

விலை சரிந்த முதல் நாளே போன் போட்டேன், அண்ணாச்சி எடுக்கவில்லை. ஆபீஸ் முடிந்து தாராவிக்குப் போனேன். ஏணியின் கீழே, தான் விற்ற பட்டறையின் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வேறொருவரின் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"யாரு மேடம் எடுத்தா?" என்றார். "நூத்தி நாப்பது ரூவா இருந்துச்சில்லா. யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கலை அண்ணாச்சி. இருந்தாத்தானே எடுக்கறதுக்கு."

அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். என் வாய் அப்படி. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேலேயிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாதி முகம்தான் தெரிந்தது. "யக்கா, ஏறாதிய, வழுக்கும். அங்கனயே நில்லுங்க. அவுகள ஒண்ணும் சொல்லிராதிய. நேத்துலேருந்து ஒரு வாய் சாப்பிடல."

"ஒண்ணும் சொல்லலை பேச்சியம்மா."

"எனக்கு இங்கனயே நல்லாத்தான் இருக்கு. கீழ வந்து என்ன செய்யப் போறேன்? மேல காத்தாவது வருது." பிறகு, "அந்தக் கண்ணாடிதான் நல்லாருந்துச்சு" என்றாள்.

அந்த வருஷக் கொடையில் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணி முடித்ததும், அண்ணாச்சி தன் சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்துத் தேங்காய்த் தட்டில் வைத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "இல்லாத பெட்டிய நம்புனவன் கையில, இருக்க பெட்டிய எப்படிடே குடுக்கிய?" என்றாராம். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கவில்லை. வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் சங்கத்து ஆட்கள் அந்தச் சாவியை அம்மன் படத்தின் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பேச்சியம்மா இறங்கிய நாள்

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. "மேடம், பேச்சி போயிட்டா" என்றார். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். டாக்ஸி பிடித்து ஓடினேன்.

சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த ஏணியில் பாடை இறங்காது. உடம்பை ஒரு பலகையில் வைத்து, சேலைகளால் சுற்றிக் கட்டி, மேலே இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து விட, கீழே நாலு பேர் கைநீட்டி வாங்க, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். பக்கத்தில் அந்தத் தண்ணீர்க் குழாய், அதன் மேல் கம்பெனியின் பெயர். அவள் கை பட்டுப் பட்டு, ஓர் ஆள் உயரத்துக்கு எழுத்து அழிந்துபோயிருந்தது.

அண்ணாச்சி ஏணியின் கீழே நின்று இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டிருந்தார். அவர் கைக்கு எதுவும் எட்டவில்லை. பலகை ஓரிடத்தில் இடித்தது. "ஏலே, பாத்து, மெதுவா!" என்று கத்தினார். "அவளுக்கு முட்டு வலிக்கும்லே!"

மேலே கயிறு பிடித்தவர்கள் பலகையைக் கொஞ்சம் தூக்கி, இன்னும் மெதுவாக விட்டார்கள்.

என் வேலைக்காலத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். ரிசர்வ் என்பது கம்பெனி இதுவரை என்ன சம்பாதித்துப் பிடித்து வைத்தது என்று மட்டும்தான் சொல்லும். அது இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அதற்குப் பக்கங்களைப் புரட்ட வேண்டும்: கையில் ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வியாபாரத்திலிருந்து உண்மையில் காசு உள்ளே வருகிறதா, வரவேண்டிய பாக்கி ஏறுகிறதா, பிடித்து வைத்த ரூபாய் மேலே ஏதாவது சம்பாதித்ததா. இதெல்லாம் எந்த ஆண்டறிக்கையிலும் இருக்கும், ஒளித்து வைக்க மாட்டார்கள்.

இப்போதும் செம்பூரிலோ தாதரிலோ ஏதாவது கம்பெனிக் கூட்டம் நடந்தால், என் பெயரில் அதில் ஒரு பங்காவது இருந்தால், போகிறேன். மைக் வந்தால் எழுந்து நின்று, பெட்டி எங்கே, சாவி யாரிடம் என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நிற்கிறேன். அவர்கள் ப்ளாண்ட் என்று பதில் சொன்னால் நான் உட்காருவதில்லை. அதில் ஏறி இறங்க லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்கிறேன். நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.